எட்டு விநாடியில் விடுபட்ட ‘ன்னு’

அத்தியாயம் 14

தமிழினி கோபித்துக்கொண்டு எருமப்பட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தப் புதன்கிழமையோடு பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

காரணம், சமையலறை அலமாரியின் மேல் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ‘இல்லத்துணை’ என்று பெயர். ‘சாமி’ என்று அழைத்துவிட்டு விளக்கைப் போடச் சொன்னால் போடும். தோட்டத்து மோட்டாரை நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. வீட்டில் காதில் விழுந்த பேச்சைச் சுருக்கி, ஞாயிறுதோறும் காலையில் ‘இல்ல நிலவரம்’ என்று குடும்பத்தாரின் போன்களுக்கு அனுப்பியும் வந்தது.

பரமத்தி வேலூரை ஒட்டிய வாழைத் தோட்டத்து வீட்டில் அதை வைக்க ஏற்பாடு செய்தவன் தமிழினியின் கணவன் சபரிநாதன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா சென்னியப்பனுக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்ததும், அங்கிருந்தே வீட்டைக் கவனித்துக்கொள்ள ஒரு வழி தேடினான். அவன் தங்கை சண்முகப்பிரியாவுக்கு, சேலத்தில் அந்தப் பெட்டியைச் செய்யும் கம்பெனியிலேயே வேலை. பிறகென்ன, பெட்டி வந்துவிட்டது.

தமிழினி கிளம்பிய ஞாயிறன்று காலையில் வந்த நிலவரத்தில், ‘மருமகள் குறித்து’ என்ற தலைப்பின் கீழே அம்மா வசந்தாமணியின் பேச்சு எழுத்தில் வந்திருந்தது.

‘இந்த மருமவ பொறந்த ஊட்டுக்கே போயிட்டாத் தேவல. ஆக்குறதும் சரியில்ல, அரிக்கிறதும் சரியில்ல. அவ வந்ததுல இருந்து இந்த ஊட்டுல நிம்மதியே இல்ல.’

அதற்கும் கீழே, ‘மனநிலை: கோபம்.’

பக்கத்தில் இருந்த குறியைத் தொட்டால் வசந்தாமணியின் குரலே பேசியது. தமிழினி அதை இரண்டு முறை கேட்டாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு வயது நிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

குரல் வசந்தாமணியுடையதுதான். வார்த்தைகளும் அவள் வாயிலிருந்து வந்தவைதான். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. இதை எவரிடம், எப்படிச் சொல்லி நம்ப வைப்பது?

“எந்தங்கச்சிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். வேறொருத்தி சொன்னதச் சொன்னேன்” என்று போனில் சொல்லிப் பார்த்தாள்.

“உங்க தங்கச்சி உங்களுக்குத்தானுங்கத்தை சாட்சி சொல்லுவாங்க” என்று வைத்துவிட்டாள் தமிழினி.

---

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்று இல்லத்துணையின் அறிமுக விழா. சோதனைக்காகப் பெட்டி வைத்திருந்த நாற்பது வீடுகளின் சார்பில் வசந்தாமணி மேடையேறி இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. பத்து நாளாக முடியாது என்றவள், செவ்வாய்க்கிழமை மாலை தானாகவே, “நான் வாரேன்” என்றாள். மகளுக்கே அது புரியவில்லை.

காலை ஏழு மணிக்குப் பிரியா ஒரு தாளை நீட்டினாள்.

“என்னன்னு எழுதியிருக்குது?”

“‘இல்லத்துணை எனக்கு இன்னொரு மகள் மாதிரி’ன்னு ஆரம்பிக்குதுங்மா.”

“இருக்கற ஒரு மகளே போதும்னு சொல்லிப்போடறேன்.”

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சென்னியப்பன் சிரித்தார்.

“ஏனுங்க, நீங்க சிரிக்காதீங்க. மாத்திரை போட்டீங்களா?”

“போட்டாச்சு. அந்தப் பொட்டியக் கேட்டுப் பாரு, அது சொல்லும்.”

வசந்தாமணி அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பேனாக் கோடுகள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று; நான்கு கோடு, குறுக்கே ஒன்று. தாள் நிறைய.

“இதென்னம்மா?”

“பொட்டிக்குப் பொறவால ஒரு நீல வெளக்கு இருக்குதல்லோ? அது முழிச்சா செவுத்துல ஒரு பொட்டு உழுகும். தமிழினி போனதுல இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கறேன். ஒரு பொட்டுக்கு ஒரு கோடு. அஞ்சஞ்சாக் கட்டியிருக்கறேன், எண்ணிக்க.”

பிரியா ஞாயிற்றுக்கிழமைத் தாளை எண்ணினாள். இருநூற்றுப் பதினான்கு. திங்கட்கிழமை நூற்று அறுபத்து மூன்று.

கம்பெனியில் அவளுக்குப் பெட்டியின் உருவத்தை வரையும் வேலை. பதிவுகளைக் கையாளும் பிரிவு வேறு மாடியில் இருந்தது. ஒரு வீட்டில் நாளுக்கு ஐந்தாறு முறை விழிக்கும் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“எதுக்கும்மா இத்தனை தடவை அதைக் கூப்பிட்டீங்க?”

“நான் எங்க அதைக் கூப்புட்டேன்? உங்கப்பன ‘காப்பி குடிங்க சாமி’ன்னேன். பால்காரன் ‘வாரேன் சாமி’ன்னான். கன்னுக்குட்டிய ‘நகரு சாமி’ன்னேன். நெலா இருந்திருந்தா இன்னும் எச்சா இருக்கும். ‘வா சாமி, உண்ணு சாமி, ஓடாத சாமி.’ ஒவ்வொன்னுக்கும் அது முழிச்சுக்குது.”

பிரியா தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

---

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அம்மா, பக்கத்தில் மகள். வேலூரைத் தாண்டியதும் பிரியா, “ஒண்ணு சொல்லோணும்மா. திட்டக்கூடாது” என்று தொடங்கினாள்.

ஒரு வருடத்துக்கு முன்பு, பெட்டியை எழுப்ப எந்தச் சொல்லை வைப்பது என்று சேலம் அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. ‘சாமி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் மேலாளர் நவநீதகிருஷ்ணன். சென்னையில் வளர்ந்தவர். “சுருக்கமான சொல், மங்கலமான சொல். பூஜை அறைக்கு வெளியே பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள்” என்றார். கூட்டத்தில் இருந்த எட்டுப் பேரில் கொங்குப் பக்கத்துப் பெண் பிரியா ஒருத்திதான். எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்ற சொல் அவள் நாக்கின் நுனி வரை வந்தது.

“வேலைக்குச் சேந்த புதுசுல, டீ கொண்டாந்து குடுத்த அண்ணனை, ‘வெச்சுட்டுப் போங்க சாமி’ன்னுட்டேன்மா. ஒரு வாரம் என்னைச் சாமியாரம்மான்னே கூப்பிட்டாங்க. அதுல இருந்து ஆபீஸ்ல ‘வாரேன்’னு சொல்றதில்லை, ‘ஊடு’ன்னு சொல்றதில்லை. அன்னைக்குக் கூட்டத்துலயும் சொன்னா மறுபடியும் சிரிப்பாங்கன்னு…”

“வாய மூடிக்கிட்ட.”

“ஆமாங்மா.”

வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று பிரியா காத்திருந்தாள்.

“அது முழிச்சா எவ்வளவு நேரம் கேக்கும்?” என்றாள் வசந்தாமணி.

“எட்டு விநாடிங்மா. கட்டளை புரிஞ்சா பதில் சொல்லும். புரியலைன்னா சத்தமில்லாம எடுத்து அனுப்பிரும். பழகிக்கறதுக்காகன்னு சொல்லுவாங்க.”

“சாமிங்கறதையும் சேத்தா எட்டு?”

“இல்ல, அதுக்கப்புறம் எட்டு.”

“போன்ல எண்ணு. அன்னிக்கு எந்தங்கச்சிகிட்டச் சொன்னத ஒட்டுக்காச் சொல்றேன்.”

பிரியா கைப்பேசியில் விநாடி எண்ணும் கடிகாரத்தைத் திறந்தாள். வசந்தாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்று பேசிய அதே நிதானத்தில் பேசினாள்.

“அவ என்ன சொல்றா தெரியுமா சாமி? இந்த மருமவ பொறந்த ஊட்டுக்கே போயிட்டாத் தேவல. ஆக்குறதும் சரியில்ல, அரிக்கிறதும் சரியில்ல. அவ வந்ததுல இருந்து இந்த ஊட்டுல நிம்மதியே இல்ல…”

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பினார். “மருமவ மேல அம்புட்டுக் கோவமாம்மா?”

“அண்ணா, முழுசாக் கேட்டுப்போட்டுத் திரும்புங்க! ‘…இந்த ஊட்டுல நிம்மதியே இல்லை’ன்னு சொல்றா. இன்னும் ‘ன்னு’வே சொல்லி முடிக்கல, அதுக்குள்ள திரும்பிட்டீங்க!”

“அட, அடுத்தவ சொன்னதா? நான் உங்க வார்த்தைன்னு நெனச்சுப்போட்டேன்” என்று பெரியவர் சிரித்துக்கொண்டே திரும்பிக்கொண்டார்.

பிரியா போனைப் பார்த்தாள். ‘இல்ல’ என்ற இடத்தில் எட்டு விநாடி முடிந்திருந்தது. ‘ன்னு’ அந்த எட்டுக்கு வெளியே விழுந்திருந்தது.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது, சொன்னவர் யார் என்பது கடைசியில்தானே வரும்? பெட்டி தலையையும் வாலையும் வெட்டி, நடுத்துண்டை மட்டும் எடுத்துப் போயிருக்கிறது.

“அம்மா! இதுதான்! இதேதான்!” என்று பிரியா சத்தமாகச் சொல்ல, கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“கூச்சல் போடாத. தமிழினிக்குப் போனப் போடு. மண்டபத்துக்கு வரச் சொல்லு.”

நான்காவது தடவைதான் தமிழினி எடுத்தாள். “வாரேன் பிரியா. நிலாவை இங்க உட்டுட்டு வாரேன். வந்து கடைசி வரிசைல உக்காருவேன். பேசமாட்டேன்.”

---

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மோகனூர், வேலூர், எருமப்பட்டி என்று சுற்று வட்டாரத்துக்காரர்கள். முன்பதிவு செய்கிறவர்களுக்கு மதியம் விருந்து என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மேடையில் நீள மேசை, அதன் மேல் பன்னிரண்டு பெட்டிகள். பின்னால் பெரிய திரை. பெட்டி கேட்பதெல்லாம் உடனுக்குடன் திரையில் எழுத்தாக வரும்.

நவநீதகிருஷ்ணன் அழகாகப் பேசினார். “சாமி, விளக்கைப் போடு” என்றார். விளக்கு எரிந்தது. கைதட்டல். “சாமி, மின்விசிறியை நிறுத்து” என்றார். நின்றது. அதற்குக் கைதட்டல் குறைவு, உள்ளே வெக்கை.

“இப்போது, எங்கள் குடும்பத்தில் ஒருவரான வசந்தாமணி அம்மா.”

வசந்தாமணி படியேறினாள். அவளுக்குப் பின்னால் பிரியாவும் ஏறியதை மேலாளர் எதிர்பார்க்கவில்லை. பிரியா மேசையருகே போய், முதல் பெட்டியை எடுத்துத் திருப்பி வைத்தாள். முகப்பு சுவர்ப் பக்கம், முதுகு கூட்டத்தின் பக்கம். அடுத்ததையும் திருப்பினாள்.

“பிரியா, என்ன செய்கிறீர்கள்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் நவநீதகிருஷ்ணன்.

“விளக்கு பின்னால இருக்குதுங்க சார். சனங்களுக்குத் தெரியட்டும்.”

“கண்ணை உறுத்தும் என்றுதானே பின்னால் வைத்தோம்?”

“உறுத்தட்டுங்க சார்” என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டையும் திருப்பிய பிறகே அவள் கீழே இறங்கினாள்.

வசந்தாமணி மைக்கின் முன் நின்றாள். தாளைப் பிரிக்கவில்லை.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. எழுதிக் குடுத்தத அப்பறம் படிக்கறேன். இப்ப ஒரு நிமிசம், பக்கத்துல உக்காந்திருக்கறவிகளோட பேசுங்க. கல்யாணத்துல ஒறம்பரைய, சொந்தபந்தத்தப் பாத்தா எப்படிப் பேசுவீங்களோ அப்படி. ஆனா கண்ணு மட்டும் இந்தப் பொட்டி மேல இருக்கட்டும்.”

முன்வரிசையில் ஒரு குரல்.

“நல்லாருக்கியா சாமி?”

முதல் பெட்டியில் நீல விளக்கு எரிந்தது.

“ஏஞ்சாமி இப்படி எளச்சுப்போயிட்ட?”

நான்கு பெட்டிகள்.

“வாங்க சாமி, இங்க உக்காருங்க.” “ஏனுங் சாமி, எருமை ஈத்துருச்சா?” “அந்தப் பக்கம் நகரு சாமி.”

பன்னிரண்டும் எரிந்தன. அணைந்தன. மறுபடியும் எரிந்தன. அரை நிமிடத்துக்குள் மேசை முழுக்க நீலம். திரையில் வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடின. ‘கால் வலி தேவலையா.’ ‘அவிய தம்பி இன்னும் அந்தப் புள்ளையோடதான் சுத்தறானா.’ இந்த வரி வந்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு பெண், “ஐயோ!” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து, பெரிய எழுத்தில், ‘இந்த மண்டபத்துச் சோத்த உண்டா ரெண்டு நாளைக்கு வயிறு நமக்குச் சொந்தமில்ல.’

ஓரமாக நின்றிருந்த மண்டபத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். “எவன்டா அது?”

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பதறி எழுந்தார். “நாஞ்சொல்லலீங்க! என்ற சம்பந்தி அப்படிச் சொன்னாருன்னு சொல்ல வந்தனுங்க! அதுக்குள்ள அது எழுதிப்போட்டுது!”

பக்கத்தில் இருந்த சம்பந்தி, “அட, என்னை ஏய்யா இழுக்கற?” என்றார். மண்டபம் சிரித்துத் தீர்த்தது.

சிரிப்பு அடங்கியபோது வசந்தாமணி காலண்டர் தாள்களைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தச் சிரிப்புதானுங்க என்ற ஊட்டுல பதினெட்டு நாளா அழுகையா இருக்குது. ஞாயித்துக்கெழம மட்டும் எரநூத்திப் பதினாலு தடவ இது முழிச்சிருக்குது. நான் கூப்புடல. என்ற ஊட்டு மனுசங்களக் கூப்புட்டேன். அதுல ஒரு எட்டு விநாடிய எடுத்து என்ற மருமவளுக்கு அனுப்பிப்போட்டுது. அவ போயிட்டா.”

நவநீதகிருஷ்ணன் மைக்கை நோக்கி ஓரடி வைத்தார்.

“அம்மா, இது சின்னத் தொழில்நுட்பக் கோளாறு…”

“இருங்க தம்பி. கோளாறு இல்ல, நீங்க சொன்னபடிதான் அது செய்யுது.” அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். “தமிழினி, அன்னிக்கு நான் பேசுனத இங்க ஒட்டுக்காச் சொல்லட்டுமா?”

தமிழினி எழுந்து நின்றாள். முந்நூறு தலைகளும் திரும்பின. அவள் நடுவழியே நடந்து வந்து மேடையேறினாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்க சொல்ல வேண்டாங்கத்தை. நீங்களும் பிரியாவும் பஸ்ல ஒத்திகை பாத்துட்டு வந்திருப்பீங்க. நான் என்ற வார்த்தையச் சொல்றேன். அது என்ன எழுதுதுன்னு பாக்கறேன்.”

“அதுதான் நல்லது” என்று மைக்கை விட்டு விலகி நின்றாள் வசந்தாமணி.

தமிழினி மைக்கைப் பிடித்தாள். என்ன சொல்வது என்று யோசித்தவள், மனதில் முன்னால் நின்றதையே சொன்னாள்.

“எங்கம்மா நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா சாமி? அந்த ஊட்டுல உனக்கு என்ன வெச்சிருக்குது? உன்ற மாமியா வாயி ஊருக்கே தெரியும். இனி அந்தப் படிய மிதிச்சயின்னா எனக்கு மகளே இல்ல…ன்னு சொன்னாங்க. நாந்தான், ‘எங்கத்தை அப்படிப்பட்டவங்க இல்லீங்கம்மா, எனக்குத்தான் மனசு கேக்கல’ன்னு சண்டை போட்டேன்.”

நீல விளக்குகள் பாதியிலேயே அணைந்திருந்தன. திரையில் எழுத்து வந்தது.

‘அந்த ஊட்டுல உனக்கு என்ன வெச்சிருக்குது? உன்ற மாமியா வாயி ஊருக்கே தெரியும். இனி அந்தப் படிய மிதிச்சயின்னா எனக்கு மகளே இல்ல. மனநிலை: கோபம்.’

தமிழினி திரும்பித் திரையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“இது… நான் சொன்னதா?”

“நீ சொன்னதுதான்” என்றாள் வசந்தாமணி. “நான் சொன்னதும் அந்தாட்டத்தான், இதே மாதிரி.”

முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பிறகு ஒரே கைதட்டல். தமிழினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமியாருக்குத் தெரியாமல் பதினெட்டு நாளாக மனசுக்குள் பூட்டி வைத்ததை, ஊர் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அண்ணி, சண்டை எங்களுக்காகவா போட்டீங்க?” என்று கீழேயிருந்து கத்தினாள் பிரியா.

“நீ பேசாத!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்ன தமிழினி, மாமியாரிடம் திரும்பினாள். “அப்ப எட்டு விநாடிக்கு அப்பறம் நீங்க என்னதாங்கத்தை சொன்னீங்க?”

“‘என்ற மருமவ ஆக்குன சோத்த ஒரு நாளைக்கு வந்து உண்டுபோட்டு, அப்பறம் பேசச் சொல்லு அவள’ன்னேன்.”

“ஆரு அவ?”

“அத இங்க சொல்லமாட்டேன். பொட்டி கேட்டுக்கிட்டு இருக்குது.”

அந்தச் சிரிப்பில் மண்டபத்துக்காரரும் சேர்ந்துகொண்டார்.

---

“கழட்டுங்க எல்லாத்தையும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. “எங்க ஊட்டுலயும் ஒண்ணு இருக்குது!” என்றது இன்னொன்று.

வசந்தாமணி கையை உயர்த்தினாள்.

“நான் கழட்டச் சொல்லலீங்க. மழைல சேத்துல எறங்கி என்ற ஊட்டுக்காரர் மோட்டார நிறுத்தப் போக வேண்டியதில்ல. அந்த மட்டுக்கும் எனக்கு அது வேணும். ஆனா கேட்டா, கேக்கறேன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். வேண்டாம்னா அதோட காத மூட ஒரு சுவிச்சு, என்ற கைக்கு எட்டற மாதிரி இருக்கோணும். ஞாயித்துக்கெழமச் சுருக்கம் ஆருக்கும் போகக்கூடாது. அப்பறம் இன்னொன்னு தம்பி.” அவள் நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள். “சம்மதம்னு கையெழுத்துப் போட்டது என்ற பையன். அவன் இருக்கறது சத்தீஸ்கர்ல. அந்த ஊட்டுல பேசறவ நானு. என்னைக் கேட்டீங்களா?”

அவர் கை நீட்டிக் காலண்டர் தாள்களை வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். அவருடைய அலுவலகத்தில் யாரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து இப்படி எண்ணியதில்லை.

“பிரியா, ‘சாமி’ இங்கே பேச்சுச் சொல் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?”

வேலை போனாலும் போகட்டும் என்று பிரியா மேடையருகே வந்தாள். “தெரியுங்க சார். கூட்டம் நடந்த அன்னைக்கே தெரியும். பட்டிக்காட்டுப் பொண்ணுன்னு நெனச்சுப்பீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். என்ற தப்பு. இனி இருக்கமாட்டேன்.”

‘என்’ என்பதை ‘என்ற’ என்று அலுவலக ஆட்கள் முன்னால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை.

நவநீதகிருஷ்ணன் நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும்; தப்பு என்று தெரிந்தபின் அதை மூடப் பார்க்கவில்லை. மேசைக்குப் போய்த் திரையின் கம்பியைப் பிடுங்கினார். மைக்குக்கு வந்தார்.

“இன்று முன்பதிவு கிடையாது. நாற்பது வீட்டுப் பதிவுகளும், அந்தந்த வீட்டில் இருப்பவர்கள் பார்த்த பிறகு, அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கப்படும். நிலவரம் இந்த நிமிடத்தோடு நிற்கிறது. விளக்கும் சுவிச்சும் முன்னால் வரும். எழுப்பும் சொல்லை,” என்று நிறுத்தி, “எழுப்பும் சொல்லை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை” என்றார்.

“விருந்து உண்டுங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“உண்டு.”

மண்டபத்துக்காரர் முன்னால் வந்து, “வயித்துக்கு நான் பொறுப்பு!” என்று கத்தினார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இறங்கிய வசந்தாமணியை அறிமுகமே இல்லாத பெண்கள் நாலைந்து பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, “எங்க ஊட்டுலயும் இப்படித்தானுங்க ஒரு சண்டை. இன்னிக்குப் போயி அந்தப் புள்ளைகிட்டப் பேசறேன்” என்றாள். மருமகள் பக்கத்தில் நிற்க, வசந்தாமணி கல்யாண வீட்டுக்காரி போல எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

---

பந்தியில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தமிழினி மாமியாரின் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. “பொழுதோட நிலாவைக் கூட்டிட்டு வந்தர்றேனுங்கத்தை” என்றாள் தமிழினி. “ரசம் நீயே வை. பதினெட்டு நாளா உங்க மாமன் என்ற ரசத்த உண்டு மூஞ்சியச் சுளிக்கறாரு” என்றாள் வசந்தாமணி. அவ்வளவுதான்.

பிரியா சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து மடிக்கணினியைத் திறந்தாள். முதல் வீடாக அவர்கள் வீட்டுப் பதிவுகளையே அழிக்கலாம் என்று மேலாளர் அனுமதி கொடுத்திருந்தார்.

“பாத்துக்கங்கம்மா. இதுவரைக்கும் எடுத்தது எல்லாம் இங்க இருக்குது. இதைத் தொட்டா அழிஞ்சிரும். நீங்களே தொடுங்க.”

வசந்தாமணி புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஓங்கித் தொட்டாள். பட்டியல் காலியாயிற்று. “போச்சா?” என்றாள். “போச்சுங்மா.” அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துத் தமிழினியும் சிரித்தாள்.

“இனி நிலவரம் யார் யாருக்குப் போகுதோ அவங்க பேரை எடுத்தரணும்” என்று பிரியா அடுத்த பக்கத்தைத் திறந்தாள். “அண்ணன். அண்ணி. நான். அப்பறம்…”

அவள் விரல் நின்றது. பட்டியலில் நான்காவதாக ஒரு எண் இருந்தது. பேர் இல்லை. ‘குடும்ப உறுப்பினர்’ என்று மட்டும் இருந்தது. நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நிலவரம் அந்த எண்ணுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் திறந்து படித்திருக்கிறார்கள்.

“இது ஆரு நம்பரு? உங்கப்பன்துகூட இல்லையே” என்றாள் வசந்தாமணி.

தமிழினி எட்டிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“அத்தை… இது எங்கண்ணன் அன்பழகன் நம்பருங்க. என்கிட்ட ஒரு வார்த்தைகூட அவர் சொல்லலீங்களே. எதுவும் தெரியாத மாதிரி, நான் போன அன்னைக்கு, ‘என்ன ஆச்சு சாமி’ன்னு கேட்டாரே.”

“உறுப்பினரைச் சேக்கறதுக்கு ஒருத்தருக்குத்தான் அனுமதி இருக்குது, அண்ணி” என்றாள் பிரியா மெதுவாக. “எங்க அண்ணனுக்கு.”

வசந்தாமணி ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சற்றுமுன் மேடையில் நின்ற அதே நிமிர்வு.

“தமிழினி, நீ இப்பவே கெளம்பி நெலாவக் கூட்டிட்டு நம்மூட்டுக்கு வந்துரு. அங்க எதையும் கேக்காத. கேக்கறத நான் கேட்டுக்கறேன். பிரியா, அண்ணனுக்குப் போடு.”

மூன்றாவது மணியில் சபரிநாதன் எடுத்தான். பின்னால் ரிக் ஓடும் இரைச்சல். வசந்தாமணி நலம் விசாரிக்கவில்லை. உன் மச்சானை எதற்காக நம் வீட்டுப் பேச்சைக் கேட்க வைத்தாய் என்று ஒரே கேள்வியாகக் கேட்டாள்.

இரைச்சல் நின்றது. யாரிடமோ வண்டியை அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

“அம்மா,” என்றான் சபரிநாதன், “மச்சாந்தாங்மா சேக்கச் சொன்னாரு. நான் சேக்கலீன்னா, அவரு வேற ஒண்ணச் செஞ்சிருப்பாருங்மா.”